கல்லூரித் தமிழ்ப் பாடநூலை நாமே சேர்ந்து எழுதலாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் ஊரில் தமிழைக் கல்லூரி அளவில் கற்பிக்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு பாடநூல் எழுத வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிப் படிக்கவும், திருத்தவும், தங்கள் வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளவும் விட வேண்டும். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ரொம்ப நாளாக மனத்தில் இருந்ததுதான், இந்தப் பருவத்தில் வகுப்பு தொடங்கியதும் இனியும் எழுதாமல் இருக்க முடியாது என்று ஆகிவிட்டது.

நான் பகுதிநேர விரிவுரையாளர், சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியம் நடத்துகிறேன். என் மாணவர்களில் பலர் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு எம்ஆர்டி ரயிலில் நின்றபடி வந்து இரவு வகுப்பில் உட்காருகிறவர்கள். இந்தத் துறையில் நல்ல ஆய்வு நூல்கள் இருக்கின்றன, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாரத்துக்கு ஒரு பாடம் என்று பிரித்து, பயிற்சிக் கேள்வியோடு, இங்கே படிக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதி, எல்லார் கைக்கும் எட்டும்படி ஒரு நூல் அவர்களிடம் இல்லை. இருப்பது நகல். எனக்கு முன்னால் நடத்தியவர் எனக்குத் தந்தது, அவருக்கு அவருக்கு முன்னால் இருந்தவர் தந்தது. ஓரங்களில் இரண்டு மூன்று பேருடைய கையெழுத்து, சில பக்கங்களில் கடைசி வரி நகலெடுக்கும்போதே விழாமல் போயிருக்கிறது. அந்தக் குறிப்பின் முதல் பக்கத்தில், சிங்கப்பூரில் வெளிவந்த முதல் தமிழ் நூல் 1887-இல் வந்த சதாசிவப் பண்டிதரின் சிங்கை நகர் அந்தாதி என்று இருக்கிறது. 1872-லேயே இங்கு முனாஜாத்துத் திரட்டு என்ற நூல் அச்சாகிவிட்டது என்பது இன்று ஆய்வாளர்கள் எல்லாருக்கும் தெரியும். என் வகுப்பில் பேனாவை எடுத்துத் திருத்திக்கொள்ளச் சொன்னேன், திருத்திக்கொண்டார்கள். அதே நகலை வைத்து வேறோர் இடத்தில் படிக்கிற மாணவருக்கு அந்தத் திருத்தம் எப்படிப் போய்ச் சேரும்?

கணினிக் கோப்பாக இருப்பவற்றின் கதி இன்னும் மோசம். ஒருங்குறி (யூனிகோட்) வருவதற்கு முந்திய எழுத்துருவில் தட்டியவை இன்று திறந்தால் ஏதோ குறியும் கோடுமாகத்தான் தெரிகின்றன. புதிதாகச் செய்தவை கல்வி நிலையத்தின் உள் இணையத்தளத்தில் கிடக்கின்றன. படிப்பு முடிந்ததும் மாணவரின் கணக்கு மூடப்படும், அப்புறம் தான் படித்த பாடத்தையே அவரால் பார்க்க முடியாது. எங்களில் ஒவ்வொருவரும் ஒரே பாடத்துக்குத் தனித்தனியாகக் குறிப்பு தயாரிக்கிறோம், ஓய்வு பெறும்போது அது எங்கள் மடிக்கணினியோடு போய்விடுகிறது. இவ்வளவு சிறிய ஊரில் இவ்வளவு உழைப்பு வீணாகப் போவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

வெளியே என்ன நடக்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற இலவசப் பாடநூல் திட்டம் 2012-இல் இயற்பியலுக்கும் சமூகவியலுக்கும் நூல் வெளியிட்டுத் தொடங்கியது. எழுதியவர் பெயரும் மதிப்பாய்வு செய்த பேராசிரியர்கள் பெயரும் நூலிலேயே இருக்கும், பிழை கண்டால் யாரும் எழுதிப் போடலாம், சரிபார்த்துத் திருத்துகிறார்கள். எனக்கு இதைவிடப் பிடித்தது கனடாவில் நடந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் அதே 2012-இல், யாரும் காசில்லாமல் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய இத்தகைய திறந்த பாடநூல்களுக்குப் பணம் ஒதுக்கியது. பிசிகேம்பஸ் என்ற அமைப்பு அந்த வேலையை ஏற்றது. அங்குள்ளவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கவில்லை. ஓப்பன்ஸ்டாக்ஸின் சமூகவியல் நூலை எடுத்து, அமெரிக்க உதாரணங்களை நீக்கிக் கனடா நாட்டு விஷயங்களைப் போட்டு, கனடியப் பதிப்பு என்றே வெளியிட்டார்கள். யாரிடமும் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை, உரிமத்திலேயே அந்த அனுமதி இருந்தது. 2014-இல் புவியியல் ஆசிரியர்கள் சிலர் நான்கு நாள் ஒன்றாக உட்கார்ந்து ஒரு முழுப் பாடநூலையே எழுதி முடித்தார்கள். அவர்கள் ஒன்றும் அதிசய மனிதர்கள் இல்லை, எங்களைப் போலப் பல ஆண்டுகள் அதே பாடத்தை நடத்தியவர்கள். விஷயம் தலையில் இருந்தது, ஒன்றாக உட்காரத்தான் ஒருவர் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது.

தமிழர்களுக்கு இப்படிச் சேர்ந்து செய்வது புதிதும் இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகம் முழுக்க இருக்கும் தன்னார்வலர்கள் ஒருவர் தட்ட, இன்னொருவர் மெய்ப்புப் பார்க்க, சங்க இலக்கியம் முதற்கொண்டு இணையத்துக்கு வந்தது. நம் ஊரில் 1995-லேயே தமிழ்க் கணினி முன்னோடி நா. கோவிந்தசாமி போன்றவர்கள் முயன்று சிங்கப்பூர்க் கவிதைகளைத் தமிழிலும் இணையத்தில் ஏற்றிக் காட்டினார்கள். 2015-இல் தேசிய நூலக வாரியத்தோடு சேர்ந்து, ஐம்பது ஆண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை மின்னுருவாக்கியதில் எத்தனை பேர் கைகொடுத்தார்கள் என்பது பலருக்கு நினைவிருக்கும். அதற்கும் முன்னால், ஐம்பதுகளில், பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று உங்கள் தமிழ் முரசு நாளிதழ் நிதி திரட்டியபோது துறைமுகத் தொழிலாளிகூட ஆளுக்கொரு வெள்ளி கொடுத்த சமூகம் இது.

சரி, எப்படிச் செய்வது? முதலில் ஒரே ஒரு பாடம் போதும். சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய வரலாறு என்று வைத்துக்கொள்வோம், ஏனென்றால் அதை உலகத்தில் வேறு யாரும் நமக்காக எழுதித் தரப்போவதில்லை. சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகம், தேசியக் கல்விக் கழகம், நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரி ஆகியவற்றில் கற்பிப்பவர்கள் ஆளுக்கு ஓர் இயல் எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் எழுதியதை வேறு நிலையத்தவர் ஒருவர் படித்துக் குறை சொல்ல வேண்டும், இது கட்டாயம், நட்புக்காக விட்டுவிடக் கூடாது. நடை ஒரே சீராக இருக்க ஒரு பதிப்பாசிரியர் வேண்டும், அவருக்கு ஊதியம் கொடுத்தே ஆக வேண்டும். எல்லாவற்றையும் தொண்டு என்று சொல்லியே ஒருவர் தலையில் கட்டும் பழக்கத்தால்தான் நம் முயற்சிகள் பல பாதியில் நிற்கின்றன.

கருத்து வேறுபாடு வருமே என்று ஒரு நண்பர் கேட்டார். வரட்டும். 1888-இல் சிங்கை நேசன் இதழில் மகதூம் சாயபு எழுதிய விநோத சம்பாஷணையைச் சிறுகதை என்று கொள்ளலாமா, உரையாடல் வடிவக் கட்டுரை என்று சொல்ல வேண்டுமா என்று இரண்டு பக்கமும் பேசலாம். ஒருவரே எழுதும் நூலில் அவர் முடிவுதான் இருக்கும். பலர் எழுதும் நூலில் இரண்டு வாதத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, மூலத்தையும் கொடுத்து, நீ என்ன நினைக்கிறாய் என்று மாணவரைக் கேட்கலாம். கல்லூரிப் படிப்பு என்றால் அதுதானே. மாணவர்களையும் இதில் சேர்க்க வேண்டும். ஒப்படைப்பு என்று எழுதி, மதிப்பெண் வாங்கி, குப்பைக்குப் போகிற உழைப்பில் நல்லதைத் தேர்ந்து, அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் பெயரோடு நூலில் சேர்க்கலாம். தன் பெயர் பாடநூலில் வருகிறது என்றால் ஒரு மாணவி எவ்வளவு கவனமாகச் சான்று தேடுவாள் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

உரிமம் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இலவசமாகப் பிடிஎஃப் போட்டுவிட்டு ‘அனைத்து உரிமையும் பதிப்பாளருக்கே’ என்று அடியில் எழுதினால், நாளைக்கு ஒரு ஆண்டைத் திருத்தக்கூட ஒருவரைத் தேடிப்போக வேண்டும். விக்கிப்பீடியா பயன்படுத்தும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தையே எடுத்துக்கொள்ளலாம்: எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும், மாற்றி வெளியிடுபவரும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். மலேசியாவிலோ இலங்கையிலோ ஒருவர் நம் இயலை எடுத்துத் தங்கள் ஊருக்கு ஏற்ப விரித்து எழுதினால் நமக்கும் அது திரும்பக் கிடைக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களை முழுசாகவே போட்டுக்கொள்ளலாம், ஆனால் இங்கு ஓர் எழுத்தாளர் மறைந்து 70 ஆண்டுவரை அவர் படைப்புக்குப் பதிப்புரிமை இருக்கிறது. இலக்கியப் பாடநூலில் கதையே இல்லாமல் கதையைப் பற்றி மட்டும் பேசி என்ன பயன்? ஆகவே எழுத்தாளர்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் ஒவ்வொருவராகப் போய்க் கேட்க வேண்டும். ஒரு கதை, ஒரு கவிதை என்று அளவோடு கேட்டால் பெரும்பாலோர் கொடுப்பார்கள் என்றே நம்புகிறேன், ஏனென்றால் தங்கள் எழுத்து வகுப்பறையில் படிக்கப்பட வேண்டும் என்ற ஆசை இல்லாத எழுத்தாளரை நான் பார்த்ததில்லை.

அந்தக் கேள்வியை முதலில் உங்களிடமே கேட்கிறேன், ஆசிரியர் அவர்களே. இந்த ஊரின் எழுத்தாளர்கள் எத்தனையோ பேர் உங்கள் நாளிதழின் மாணவர் பகுதியான மாணவர் மணிமன்றத்தில் எழுதிப் பழகியவர்கள். அந்தப் பக்கங்களிலிருந்து சில கதைகளையும் கவிதைகளையும் ஒரு திறந்த பாடநூலில் சேர்த்துக்கொள்ள உங்கள் தரப்பில் அனுமதி தருவீர்களா? தருவதாக இருந்தால் எழுதியவர்களைத் தேடிப்பிடித்து அவர்கள் சம்மதம் வாங்கும் வேலையையும், எடுத்தவற்றை ஒருங்குறியில் தட்டும் வேலையையும் நானும் என் மாணவர்கள் சிலரும் இந்த விடுமுறையிலேயே தொடங்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
பகுதிநேர விரிவுரையாளர் ஒருவர்,
ஈசூன்