நாங்கள் விற்பது மலட்டுப் பூச்சி அல்ல: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எங்கள் கடைக்கு வந்துபோகும் அண்ணன்மார், மாமன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

கோபியில் கடைக்கு நேரில் வருகிறவர்களிடம் பத்து நாளாக வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருப்பதைத்தான் எழுதுகிறேன். நாங்கள் விற்பது, கரும்பைத் துளைக்கும் புழுவை ஒழிக்கக் காட்டில் கட்டுகிற குளவி அட்டை. சத்தி, அந்தியூர் பக்கம் பஸ்ஸில் அட்டை போட்டுவிடச் சொல்லி வாங்குகிறவர்களுக்கும் இது போய்ச் சேர வேண்டும்.

வாட்ஸப்பில் சுற்றும் அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் நீல வெளிச்சம் எரியும் மரப்பெட்டி. அதன் கீழே, "கதிர் அடித்த மலட்டுப் பூச்சியை விற்கிறார்கள், இதைக் கட்டிய காட்டில் மேய்ந்த மாடு சினை பிடிக்காது" என்று எழுதியிருக்கிறது. பெட்டி எங்களுடையதுதான். எழுதியிருப்பது சுத்தப் பொய்.

விலை அதிகம் என்று சொல்லுங்கள், அட்டை சரியில்லை என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். மாட்டைச் சொன்னதுதான் பொறுக்கவில்லை. என் கட்டுத்தறியில் நான்கு உருப்படி நிற்கின்றன. வருடம் முழுக்க அவை தின்பது இந்த அட்டை கட்டிய கரும்பின் தோகையைத்தான். போன மாதம்கூட ஒன்று கிடேரிக் கன்று போட்டது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

மலட்டுப் பூச்சி என்று ஒன்று இருப்பது உண்மை. ஆனால் அது வேறு, எங்களுடையது வேறு. அமெரிக்காவில் மாட்டின் புண்ணில் முட்டை வைத்து, உயிரோடு சதையைத் தின்னும் புழுவைப் பெருக்குகிற ஒரு ஈ இருந்தது. அதன் பெண் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் இணை சேரும். இதைப் பிடித்துக்கொண்டவர் எட்வர்ட் நிப்ளிங் என்கிற பூச்சியியல் அறிஞர். ஆண் ஈக்களை மலடாக்கிக் கோடிக்கணக்கில் விட்டால், அவற்றோடு சேர்ந்த பெண்ணின் முட்டை பொரிக்காது, நாளடைவில் வம்சமே அற்றுப்போகும் என்றார். 1954-ல் கரீபியன் கடலில் இருக்கும் குராசோ தீவில் செய்து பார்த்தார்கள். சில மாதங்களில் அந்த ஈ அங்கே இல்லாமல் போனது.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை ஜப்பானின் ஒகினாவா. நம் பாகலையும் பீர்க்கனையும் குத்திச் சொத்தையாக்கும் அதே பழ ஈதான் அங்கேயும் இருந்தது. அந்த ஈயால் அவர்கள் பாகற்காயை மற்ற ஊர்களுக்கு அனுப்பவே தடை. கூட்டுப்புழு நிலையிலேயே கோபால்ட்-60 என்கிற கதிர்வீசும் உலோகத்தின் கதிரைக் காட்டி மலடாக்கி, தீவு தீவாக, வருடக்கணக்கில் 5,000 கோடிக்கும் மேல் ஈக்களை விட்டார்கள். 1993-ல் ஈ முழுக்க ஒழிந்தது. அந்த மண்ணில் இன்றைக்கும் பாகல் காய்க்கிறது. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர் உடம்பில் கதிர் தங்குவதில்லை அல்லவா, ஈயின் உடம்பிலும் அப்படித்தான். அதற்குக் குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் செய்ய அரசாங்கம் வேண்டும், பெரிய தொழிற்சாலை வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இல்லாமல் கோபால்ட்டைக் கையில் தொட முடியாது. கோபியில் ஒரு கடைக்காரன் மரப்பெட்டிக்குள் வைத்துக்கொள்கிற சாமானா அது?

எங்கள் பெட்டியில் இருப்பது யூவி, அதாவது புற ஊதா விளக்கு. உங்கள் வீட்டில் குடிதண்ணீர் சுத்தம் செய்யும் மெஷினுக்குள் எரிவதும் அதே வகைதான். கம்புக் குருணையில் வளர்க்கும் அரிசி அந்துப்பூச்சியின் முட்டையை முக்கால் மணி நேரம் அதன் கீழ் வைப்போம். உள்ளே இருக்கிற கரு செத்துவிடும், புழு பொரிக்காது. அப்புறம் முட்டையைப் பசை தடவிய அட்டையில் தூவினால் கசகசா ஒட்டிய மாதிரி இருக்கும். அதற்குப் பிறகுதான் டிரைக்கோகிரம்மா என்கிற குட்டிக் குளவியை அந்த அட்டையின் மேல் விடுகிறோம். குளவியின் மேல் அந்த வெளிச்சம் படுவதே இல்லை. அது அந்த முட்டைகளுக்குள் தன் முட்டையை வைக்கும். நான்காம் நாள் லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெள்ளை முட்டைகள் கரிப்பொடி நிறத்துக்கு மாறியிருக்கும். ஒவ்வொரு கறுப்புப் புள்ளிக்குள்ளும் ஒரு குளவி வளர்கிறது. அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். வெளியே வந்ததும், கரும்பின் கணுவைத் துளைக்கும் இடைக்கணுப் புழுவின் முட்டையைத் தேடிப்போய் அதற்குள் முட்டை வைக்கும். எங்கள் குளவி உங்கள் காட்டில் பெருக வேண்டும். அது மலடாக இருந்தால் நான் கடையைச் சாத்திவிட்டுப் போக வேண்டியதுதான்.

புரட்டாசிக் கடைசி வார அட்டைகள் சிலவற்றில் புழு நெளிந்ததாகச் சொன்னார்கள். விளக்கு பழசாகியிருந்தது, மாற்றிவிட்டோம். அது தானியம் தின்னும் புழு, கரும்பைத் தொடாது. அந்த வார அட்டை வாங்கியவர்கள் சொன்னால் காசில்லாமல் புது அட்டை தருகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒன்பது வருடம் எங்களோடு இருந்த அக்கா, மகள் வீட்டோடு திருப்பூருக்குப் போய்விட்டார். அந்துப்பூச்சியின் செதில் மூக்கில் ஏறும், முகத்துணி கட்டினாலும் தும்மல் நிற்காது. அந்த வேலைக்கு ஆள் வந்தாலும் நிலைப்பதில்லை. கையில் முட்டையை அள்ளும்போதே எது பதர் என்று சொல்கிற ஆள் அவர். இப்போது இரண்டு பேர் பழகிக்கொண்டிருக்கிறார்கள். கம்பு விலையும் கரண்டு பில்லும் உங்களுக்குத் தெரியாததல்ல. அதனால் 1 சிசி (ஒரு கன சென்டிமீட்டர்) முட்டை ஒட்டிய அட்டை 60 ரூபாயிலிருந்து 75 ரூபாய் ஆகிறது. ஏற்கெனவே முன்பணம் கட்டியவர்களுக்குப் பழைய விலைதான்.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் எங்களை விட்டுக்கொடுக்காதவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. வாய்க்கால் கரை மாமா ஒருவர், டீக்கடையில் பேச்சு வந்ததும் நேரே காட்டுக்குப் போய் ஐந்து கரும்பை வெட்டி வந்து, பத்துப் பேர் முன்னால் கணுக்கணுவாகப் பிளந்து காட்டியிருக்கிறார். துளை ஒன்றுகூட இல்லை. எனக்கு இதை மறுநாள் வேறொருவர்தான் சொன்னார். மாமா, நீங்கள் செய்ததை என் வீட்டில் எல்லோரும் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள்.

கரும்பு நட்ட நான்காம் மாதத்திலிருந்து அட்டை கட்டிவருகிறவர்கள் பாதியில் நிறுத்திவிட வேண்டாம். 15 நாளுக்கு ஒரு தடவை, ஏக்கருக்கு 1 சிசி, ஆறு தடவையும் கட்டினால்தான் பலன். கட்டிய வாரத்தில் மருந்து அடிக்காதீர்கள். அடுத்த அட்டை புதன்கிழமை காலை தயார். வாங்கியதை வண்டி டேங்க் கவரில் வெயிலில் வைத்துக்கொண்டு சுற்றாமல், நேரே காட்டுக்குக் கொண்டுபோய்ப் பொழுது சாயும் நேரத்தில் தோகையின் அடிப்பக்கம் கட்டுங்கள். கட்டுவதற்கு முன் ஒரு தடவை லென்ஸில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக மேசை மேல் லென்ஸ் வைத்திருக்கிறேன். அந்தப் பெட்டியையும் திறந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரன், கோபி