முரளிக்கு: பெட்ரோலா, டீசலா?

கோயம்புத்தூர்
12.10.2025

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். அம்மா அதில் கொஞ்சம் அலட்சியம் என்று எனக்குத் தெரியும். இங்கே சின்னவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது, தீபாவளி முடிந்ததும் சேர வேண்டும். நான் அடுத்த மே மாதத்தோடு பாலிடெக்னிக்கிலிருந்து ஓய்வு பெறுகிறேன். இத்தனை வருஷம் ஆட்டோமொபைல் லேபில் நின்றவனுக்கு வீட்டில் உட்கார முடியுமா என்று உன் தங்கச்சிக்கு இப்போதே கவலை. பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பழைய மாணவன் வந்து உட்காரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். பார்க்கலாம்.

சரி, வண்டி விஷயம். நீ வாங்கலாம் என்று பார்த்து வைத்திருக்கும் மூன்று பழைய கார்களுமே மாருதி ஸ்விஃப்ட். 2016 பெட்ரோல், 62,000 கிலோமீட்டர், 4.30 லட்சம். 2016 டீசல், 1,12,000 கிலோமீட்டர், 4.90 லட்சம். அப்புறம் டெல்லியிலிருந்து வந்த 2015 டீசல், 3.40 லட்சம். உன் மைத்துனர் டீசல் என்கிறார், புரோக்கரும் டீசல் என்கிறார். நான் பெட்ரோலை எடு என்கிறேன். காரணத்தை விவரமாகவே எழுதுகிறேன், மைத்துனரிடமும் காட்டு.

டீசல் எனக்குப் பிடிக்காது என்று நினைத்துவிடாதே. அந்த 1.3 லிட்டர் இன்ஜின் எங்கள் லேபில் உள்பக்கம் தெரிகிற மாதிரி வெட்டிய கட் செக்‌ஷனாக நிற்கிறது; அதை வைத்து எத்தனையோ பேட்ச்சுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். ஃபியட்டின் மல்டிஜெட். 1,248 சி.சி., 75 குதிரைத்திறன். 190 நியூட்டன் மீட்டர் இழுவை நிமிஷத்துக்கு 2,000 சுற்றிலேயே கிடைத்துவிடும். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்ட்டோ என்று இத்தனை வண்டிக்குள்ளும் இருந்தது இந்த ஒரே இன்ஜின்தான். இந்தியாவின் தேசிய இன்ஜின் என்று பத்திரிகைகள் எழுதியது சும்மா இல்லை. நாலு பேரை ஏற்றி, ஏ.சி. போட்டு, விக்கிரவாண்டி தாண்டி நாலுவழிச் சாலையில் விட்டுப் பார், களைப்பே தெரியாமல் போகும். மாருதி 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை மாசு விதி வந்ததும் டீசலையே நிறுத்திவிட்டது. ஆனாலும் இத்தனை வண்டியில் ஓடிய இன்ஜின் என்பதால் இன்றைக்கும் மெக்கானிக்குக்கும் ஸ்பேருக்கும் பஞ்சமில்லை.

மைத்துனர் டீசல் என்று சொல்வதில் ஒரு காலத்து நியாயம் இருக்கிறது. 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் ஒரே நாளில் ஏழரை ரூபாய் ஏறியது நினைவிருக்கிறதா? அப்போது பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு முப்பது ரூபாய்க்கு மேல் இடைவெளி. டீசல் ஸ்விஃப்டுக்கு ஜனங்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அப்புறம் 2013 ஜனவரியிலிருந்து டீசலை மாதம் அரை ரூபாய் வாக்கில் ஏற்றிக்கொண்டே வந்தார்கள், 2014 அக்டோபரில் விலைக் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு இடைவெளி எட்டு ஒன்பது ரூபாய்தான். இடைவெளி சுருங்கிவிட்டது, டீசல்தான் லாபம் என்ற பேச்சு மட்டும் அப்படியே நிற்கிறது. வண்டிச் சந்தையில் டீசலுக்குக் கூடுதலாக விலை கேட்பதும் அந்தப் பேச்சை வைத்துத்தான்.

இப்போது உன் ஓட்டத்தைப் பார்ப்போம். வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டரில் இருக்கும் கடைக்குப் போய்வர, இடையில் ஒரு நடை சந்தைக்கு என்று தினம் எட்டு கிலோமீட்டர். அம்மாவை மாதம் இரண்டு தடவை தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, ஒரு நடைக்கு எண்பது. ஊருக்கும் வயலுக்கும் மாதம் நூற்றைம்பது. வருஷத்தில் மூன்று தடவை சென்னை. எல்லாம் சேர்த்தால் வருஷத்துக்கு 8,400 கிலோமீட்டர் வருகிறது. கம்பெனி சொன்ன மைலேஜ் பெட்ரோலுக்கு 20.4, டீசலுக்கு 25.2, அது சோதனைக் கூடத்துக் கணக்கு, கும்பகோணம் கடைத்தெருவில் கிடைக்காது. பெட்ரோலுக்கு 15, டீசலுக்கு 20 என்று வைத்துக்கொள். பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்றால் பெட்ரோல் வண்டிக்கு வருஷம் 56,500 ரூபாய் சொச்சம், டீசலுக்கு 39,000. மிச்சம் 17,500.

மிச்சம் இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கு நீ முன்பணமாக 60,000 அதிகம் கொடுக்கிறாய். அதை மீட்கவே மூன்றரை வருஷம் ஆகும். டீசல் ஃபில்டர், கொஞ்சம் கூடுதலான சர்வீஸ் பில் எல்லாம் சேர்த்தால் நாலு வருஷம். அதற்குள் வண்டி 13 வயதைத் தொட்டுவிடும், மீட்டரில் ஒன்றரை லட்சம் நெருங்கியிருக்கும். இன்ஜெக்டர், டர்போ, கிளட்ச் இவற்றில் ஏதாவது ஒன்று அந்த நாலு வருஷத்துக்குள் செலவு வைக்காமல் விடாது. காமன் ரெயில் என்ற இந்த வகை டீசல் இன்ஜினில் எரிபொருள் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் முடிமெல்லிய துளை வழியாகப் பீச்சப்படுகிறது. டீசலில் கொஞ்சம் தண்ணீரோ கலப்படமோ இருந்தால் அந்தத் துளைதான் முதலில் பலி. ஒரு தடவை டீசல் பம்ப் ரிப்பேர் கடைக்குப் போனால் ஒரு வருஷ மிச்சம் அங்கேயே போய்விடும். இன்ஷூரன்ஸில் டீசலுக்கு அதிகம் வருமா என்று கேட்டிருந்தாய். தர்ட் பார்ட்டிக்கு வித்தியாசம் கிடையாது, 1,197 சி.சி.யும் 1,248 சி.சி.யும் ஒரே பிரிவில்தான் வருகின்றன, வருஷம் 3,416 ரூபாயும் வரியும்.

பணக் கணக்கைக் கூட விட்டுவிடலாம். எனக்கு உண்மையான கவலை அந்த மூன்று கிலோமீட்டர் கடைப் பயணம்தான். டீசல் இன்ஜின் சூடேறுவது மெதுவாக. வெப்பத்தை வீணாக்காமல் வேலையாக மாற்றுவதுதான் அதன் சிறப்பு, அதனாலேயே குளிர்ந்த இன்ஜின் சூடாக நேரம் பிடிக்கும். சூடு ஏறும் முன்பே நீ கடை வாசலில் நிறுத்தி அணைத்துவிடுவாய். இப்படியே தினமும் ஓடினால் என்ன ஆகும் என்பதைப் போன மாதம்தான் மாணவர்களுக்குக் காட்டினேன். ஊருக்குள் மட்டுமே ஓடிய ஒரு டீசல் வண்டியின் இன்டேக் மேனிஃபோல்டை, அதாவது இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயை, கழற்றினோம். புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள்ளேயே அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு இருக்கிறதே, அதன் வாயிலிருந்து உள்ளே வரைக்கும் கரியும் ஆயிலும் கலந்து கெட்டிப்பட்ட கறுப்பு மை. விரல் நுழைய வேண்டிய பாதையில் பென்சில்தான் நுழைந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் கட்டி கட்டியாக விழுந்தது. அந்த ஓனர் மூன்று மாதமாக வண்டி இழுக்கவில்லை, கறுப்புப் புகை தள்ளுகிறது என்று கடை கடையாக அலைந்தவர். வண்டியில் குறை இல்லை, அதற்கு ஏற்ற ஓட்டம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

2020-க்குப் பிந்தைய டீசல் ஏதாவது பார்க்கலாம் என்று மைத்துனர் சொன்னால் அதுவும் வேண்டாம். அவற்றில் கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. நெடுஞ்சாலையில் நல்ல சூட்டில் ஓடினால்தான் அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். சின்னச் சின்ன ஓட்டத்தில் அடைத்துக்கொண்டு விளக்கு எரிய ஆரம்பித்துவிடும். மாதம் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல், அதுவும் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓடுகிறவன் என்னிடம் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு டீசல் என்று சொல்லியிருப்பேன்.

பெட்ரோலிலும் ஒரு விஷயம் இருக்கிறது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2016 வண்டி அதற்காகச் செய்யப்பட்டதில்லை. இப்படிப்பட்ட பழைய கார்களுக்கு மைலேஜ் ஆறேழு சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. உனக்கு நான் 15 என்று குறைத்துப் போட்டதில் இதுவும் அடக்கம். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸ்களையும் மெல்லத் தின்னும். வாங்கியதும் எரிபொருள் ஹோஸ்கள், பம்ப் கேஸ்கெட் இவற்றை ஒரு தடவை பார்த்து, வெடித்ததை மாற்றிவிடு. வாரக்கணக்கில் வண்டியை நிறுத்திப் போடுவதானால் டேங்கை அடி மட்டத்தில் விட்டுவைக்காதே. இதற்கெல்லாம் ஆகிற செலவு ஒரு இன்ஜெக்டர் விலைக்குக் கீழேதான்.

டெல்லி வண்டியை மறந்துவிடு. அங்கே பத்து வருஷம் தாண்டிய டீசல் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-லேயே சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் கோர்ட் கொஞ்சம் இளக்கம் காட்டியிருக்கிறது என்றாலும், வயது நெருங்கிய வண்டிகள் தெற்கே இறங்குவது பல வருஷமாக நடக்கிறது. நம் ஊரில் அந்தத் தடை இல்லை, அதனால் வாங்குவது தப்பில்லை. ஆனால் அங்கிருந்து என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, புது நம்பர் போட்டு முடிக்கும்போது விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். அங்கே எந்தக் கையில் எப்படி ஓடியது என்று விசாரிக்கவும் நமக்கு ஆள் இல்லை.

ஆக மிஞ்சியது பெட்ரோல். 62,000 என்று மீட்டர் காட்டினால் போதாது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைச் சொல்லிப் பழைய சர்வீஸ் விவரம் வாங்கித் தரும்படி ஓனரையே கேள். எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்று அதில் இருக்கும். தயங்கினால் அங்கேயே சந்தேகப்படு. டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். அத்தனை குறைவாக ஓடிய வண்டியில் மூன்றாவது செட் டயர் இருக்க நியாயமில்லை. கிளட்ச் பெடல் ரப்பர், டிரைவர் சீட்டின் வலது ஓரம், ஸ்டியரிங்கின் மேல்தோல், இவை மூன்றும் பொய் சொல்லாது. இடது சீட்டுக்கு முன்னால் தரைவிரிப்பைத் தூக்கிப் பார். தரையில் போல்ட் போட்டு அடைத்த ஓட்டை தெரிந்தால் டிரைவிங் ஸ்கூலில் இரட்டைப் பெடலோடு ஓடிய வண்டி, பேசாமல் திரும்பி வந்துவிடு. பானட் போல்ட்டில் பெயின்ட் உரிந்திருக்கிறதா, முன் ஏப்ரனில் (இன்ஜினைச் சுற்றியுள்ள தகடு) கம்பெனி வெல்டிங் புள்ளிகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்தால் டிங்கரிங் வேலை நடந்ததா என்று தெரிந்துவிடும்.

ஆர்.சி.யில் பைனான்ஸ் கடன் நிலுவை இருக்கிறதா என்று பரிவாஹன் செயலியில் நம்பரைப் போட்டே பார்க்கலாம். இருந்தால் கடன் தீர்ந்தது என்று பைனான்ஸ்காரர் கொடுக்கும் படிவம் 35 கைக்கு வரும்வரை பணம் கொடுக்காதே. 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெயர் மாற்றத்தை நீயே நின்று முடி, புரோக்கரிடம் விட்டால் இழுத்தடிப்பார். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காததற்கு இன்ஷூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடி, உனக்கு வராது, அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு பேரம் பேசு. என் கணக்கில் நாலு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு மேல் போக வேண்டாம்.

இன்ஜினை மட்டும் நான் பார்க்காமல் முடிக்காதே. தீபாவளிக்குப் பின் 25-ம் தேதி சனிக்கிழமை ஜன சதாப்தியில் ஏறினால் மத்தியானம் கும்பகோணத்தில் இருப்பேன். ஞாயிறு காலையில் வண்டியைப் பார்ப்போம். நாம் வருகிற வரை ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று முந்தின நாளே சொல்லிவை. போனதும் பானட்டில் கை வைத்துப் பார்ப்பேன், சூடாக இருந்தால் அன்றைக்குப் பார்க்க மாட்டேன். குளிர்ந்த இன்ஜினின் முதல் அரை நிமிஷச் சத்தம் வேண்டும் எனக்கு. ஆயில் மூடியைத் திறந்து அடியில் வெளுத்த படிவு இருக்கிறதா, ஓடும்போது அதன் வழியாகப் புகை வருகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் சுவாமிமலை வரைக்கும் நீயே ஓட்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வருகிறேன். அதுவரை யார் கேட்டாலும் அட்வான்ஸ் என்று ஐயாயிரம் கூடக் கொடுக்காதே.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். மைத்துனரையும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல், அவர் சந்தேகங்களை நேரிலேயே பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
ராஜு