நீ அனுப்பிய காபா டப்பா

அன்பு மகளுக்கு,

யாங்கோனிலிருந்து அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். சிங்கப்பூரிலிருந்து வந்த தம்பியிடம் நீ கொடுத்தனுப்பிய, தூக்கத்துக்கான காபா என்னும் துணைச்சத்து டப்பா வெள்ளிக்கிழமை கைக்குக் கிடைத்தது. அம்மாவின் தூக்க மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கும்படி எழுதியிருந்தாய். அப்படிச் செய்யவில்லை. 30 ஆண்டுகள் மருந்துக் கடையில் நின்றவன் என்ற முறையில் அதன் காரணத்தை எழுதுகிறேன்.

காமா அமினோபியூட்டைரிக் அமிலம் என்னும் காபா, மூளையின் கிளர்ச்சியை அடக்கும் முதன்மையான வேதிப்பொருள் என்பது உண்மைதான்; அது மூளையில் இருப்பதை யூஜின் ராபர்ட்ஸ் போன்றோர் 1950ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். நரம்பணுவின் மேலுள்ள ஏற்பியில் அது போய்ப் பொருந்தியவுடன் வாயில் திறந்து குளோரைடு அயனிகள் உள்ளே புகுகின்றன. உள்ளே எதிர்மின்னேற்றம் கூடுவதால், செய்தி அனுப்பத் துடித்துக்கொண்டிருந்த அணு அடங்கிவிடுகிறது. எனக்கு வியப்பளிப்பது அது பிறக்கும் விதம். மூளையை முடுக்கிவிடும் குளுட்டமேட்டிலிருந்தே, ஒரே ஒரு நொதியின் வேலையால், அதற்குக் கடிவாளம் போடும் காபா உருவாகிறது. அந்த நொதிக்கு வைட்டமின் பி6 துணை வேண்டும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது எனக்குக் காசநோய் கண்டது. ஐசோனியசிட் மாத்திரையோடு ஒரு சின்ன வில்லையும் தருவார்கள், அதுதான் பி6. ஐசோனியசிட் அந்த வைட்டமினைக் குறைத்துவிடும் என்பதால் விரல்கள் மரத்துப்போகாமலிருக்க அதைத் தருவது வழக்கம். ஐசோனியசிட்டை அளவுக்கு மீறி விழுங்கியவர்களுக்குக் காபா குன்றி வலிப்பே வந்துவிடும்.

ஆனால் வாய்வழி விழுங்கும் காபா, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை எளிதில் கடப்பதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே ஆக்கிக்கொள்கிறது. ஆகவே அம்மா உண்ணும் தூக்க மாத்திரையான டயசிபாமின் இடத்தை உன் டப்பாவால் நிரப்ப முடியாது. 1963இல் விற்பனைக்கு வந்த அந்த மருந்து காபா அன்று. அதே ஏற்பியில் வேறோர் இடத்தில் அமர்ந்து, காபா வரும்போது வாயில் அடிக்கடி திறக்கும்படி செய்கிறது. மாதக்கணக்கில் இந்த உதவி கிடைத்துவந்தால் ஏற்பிகள் மந்தமாகிவிடுகின்றன. திடீரென்று நிறுத்தினால் அடக்குவாரின்றி நரம்புகள் பொங்கும். நடுக்கமும், முன்னைவிடக் கொடிய தூக்கமின்மையும், சிலருக்கு வலிப்பும் வரும்.

குற்றம் என்னுடையது. மின்சாரம் போய், பக்கத்து ஜெனரேட்டர் இரவெல்லாம் உறுமிய நாள்களில், மருத்துவரைக் கேளாமல் என் கடையிலிருந்தே அதைக் கொண்டுவந்து அவளுக்குப் பழக்கியவன் நான்தான். தீர்ந்துபோன சமயம் இரண்டு நாள் விட்டுப்பார்த்தோம். மூன்றாம் நாள் காலை தேநீர்க் கோப்பை தட்டின் மேல் கடகடவென்று ஆடியது.

இப்போது மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகக் குறைத்துவருகிறோம். இரவு சாப்பாட்டுக்குப் பின் 5 மில்லிகிராம் வில்லையைப் பத்திரிகைத்தாளின் மேல் வைத்துப் பிளேடால் அறுக்கிறேன். தெறிக்கும் தூளையும் அம்மா விரல்நுனியில் ஒற்றி எடுத்துவிடுகிறாள். இந்த மாதம் பாதி. கை நடுக்கமில்லை, விடிகாலை 3 மணிக்கு ஒருமுறை விழித்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். அவளுக்கு இப்போதுள்ள பெரிய மனக்குறை, தேயிலையின் காஃபீனுக்குப் பயந்து, மாலை 4 மணிக்கு மேல் லப்பெட் என்னும் ஊறவைத்த தேயிலை வைத்த தட்டை நான் எடுத்து ஒளித்துவைப்பதுதான்.

அன்புடன்,
அப்பா