இரவில் பறக்கும் பிள்ளையை அவசரப்படுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் வீட்டுக்கு அமெரிக்கா வரும் பெற்றோர் பலர் இங்கிருந்தபடியே உங்கள் நாளிதழை இணையத்தில் படிக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகள் சிலர் இங்கே சிறு விமானம் ஓட்ட லைசென்ஸ் எடுத்திருக்கிறார்கள். அப்பா அம்மா வந்ததும் நான்கு பேர் உட்காரும் செஸ்னாவை வாடகைக்கு எடுத்து, இருட்டிய பிறகு ஹட்சன் ஆற்றின் மேல் பறந்து நியூயார்க்கின் மன்ஹாட்டன் விளக்குகளைக் காட்ட ஆசைப்படுகிறார்கள். நியாயமான ஆசை. நானும் லைசென்ஸ் வைத்திருப்பவன்தான். இரவில் பெரும்பாலும் காற்று அடங்கியிருக்கும், ரேடியோவில் பேச்சு குறைவு, தூரத்து விமானம்கூட விளக்கால் சட்டென்று தெரிந்துவிடும். ஆனால் கிளம்புவதா வேண்டாமா என்பதை வீட்டார் எல்லாரும் சூழ்ந்து நிற்கும்போது முடிவு செய்யக் கூடாது.

எங்கள் பக்கத்தில், நியூ ஜெர்சியின் கால்டுவெல்லை அடுத்த எசெக்ஸ் கவுன்ட்டி விமான நிலையத்திலிருந்துதான் 1999 ஜூலை 16 வெள்ளிக்கிழமை முன்னாள் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் மகன் தானே சிறு விமானத்தை ஓட்டிக்கொண்டு கிளம்பினார். உடன் மனைவியும் மைத்துனியும். மறுநாள் குடும்பத்தில் கல்யாணம். பொழுது சாய்வதற்குள் கிளம்பியிருக்க வேண்டியவர்கள், தாமதமாகி, சூரியன் மறைந்த பிறகு 8.38க்குத்தான் மேலே ஏறினார்கள். கூட வருகிறேன் என்று சொன்ன பயிற்சியாளரிடம், தனியாகவே போக விரும்புவதாகச் சொல்லிவிட்டார். சுமார் 300 மணி நேரம் பறந்த அனுபவம் அவருக்கு உண்டு. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதியைத்தான் இன்னும் பெற்றிருக்கவில்லை. கரையோரமாகவே வந்தவர், கடைசியில் சுமார் 30 மைல் திறந்த கடலைக் குறுக்கே கடக்கத் திரும்பினார். மார்த்தாஸ் வினியார்டு தீவை நெருங்கும்போது விமானம் கடலில் விழுந்தது. மூவரும் இறந்தார்கள்.

விசாரணை அறிக்கையில் என்னை உலுக்கியது வேறொரு பைலட்டின் வாக்குமூலம். அதே மாலை அந்தத் தீவுப் பக்கம் பறந்தவர், கீழே ஒரு விளக்கும் தெரியாததால் தீவில் கரண்ட் போய்விட்டதோ என்று நினைத்தாராம். விமான நிலையம் சொன்ன கணக்கோ பல மைல் தூரம் பார்க்கலாம் என்பது. தரையில் அளந்த தூரம் அது. கடலுக்கு மேலே மூட்டமும் மெல்லிய பிறையும் மட்டும் இருந்தால் வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. சட்டப்படி சரியான வானிலைதான், ஆனால் கண்ணுக்குப் பிடிமானம் இல்லை. அதே இரவு அதே நிலையத்திலிருந்து அதே தீவுக்குப் போகவிருந்த இன்னொருவர், வானிலை சரியில்லை என்று பயணத்தையே ரத்து செய்திருக்கிறார். அவரைத்தான் நான் நல்ல பைலட் என்பேன்.

பிடிமானம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? மெதுவான திருப்பத்தைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உணராது. இறக்கை கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தாலும் நேராக உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். அப்புறம் விமானத்தின் மூக்கு இறங்கி வேகம் கூடும். பதறிப்போய்ச் சாய்வைச் சரி செய்யாமல் மூக்கை மட்டும் இழுத்தால் சுழல் இன்னும் இறுகும். கென்னடி மகனின் விமானம் கடைசியில் நிமிடத்துக்கு 4,700 அடிக்கும் மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

அதனால் இரவுப் பயணமென்றால் வரைபடத்தில் நான் முதலில் தேடுவது, வழியில் எங்கே கீழே வெளிச்சம் இருக்காது என்பதைத்தான். நிலா எப்போது உதிக்கும் என்று பார்ப்பேன். கடலோ காடோ குறுக்கிட்டால் சுற்றுவழி போவேன். போய்ச் சேர்ந்த பிறகும் 45 நிமிடத்துக்கு எரிபொருள் மிச்சம் இருந்தால் இரவுக்குப் போதும் என்கிறது சட்டம். அந்த மிச்சம் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் நான் கிளம்புவதில்லை.

ஹட்சன் மேல் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. சிரமமெல்லாம் திரும்பி இறங்கும்போதுதான். ஆள் இல்லாத சிறு நிலையங்கள் பலவற்றில் பைலட்டே மைக் பொத்தானைத் தட்டி ரன்வே விளக்கை எரியவிட வேண்டும். ஐந்து விநாடிக்குள் ஏழு தட்டு தட்டினால் முழு வெளிச்சம் வரும், 15 நிமிடத்தில் அணைந்துவிடும். அந்த விளக்கு பழுது என்ற அறிவிப்பு ஏதும் உண்டா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிட வேண்டும். சுற்றிலும் இருட்டு, நடுவில் ரன்வே விளக்கு மட்டும் என்றால் நாம் உயரத்தில் இருப்பதாகக் கண் ஏமாற்றும். அதை நம்பித் தாழ்ந்து போய் மரத்தில் மோதியவர்கள் உண்டு. ரன்வேக்குப் பக்கத்தில், சரியான உயரத்தில் இறங்குகிறோமா என்று காட்டும் நான்கு விளக்குகள் ஒரே வரிசையில் இருந்தால் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிய வேண்டும். நான்கும் சிவப்பென்றால் மிகவும் தாழ்ந்துவிட்டோம் என்று பொருள்.

இதையெல்லாம் பெற்றோர் படித்துத் தேற வேண்டியதில்லை. பிள்ளையிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: கடந்த 90 நாளில் இருட்டிய பிறகு மூன்று முறை ஏறி இறங்கி, ஒவ்வொரு முறையும் முழுதாக நிறுத்தியிருக்கிறாயா? அதைச் செய்யாமல் இரவில் ஆள் ஏற்றிச் செல்ல அமெரிக்கச் சட்டத்தில் இடமில்லை. பையன் மழுப்பினால் பகலிலேயே போகலாம் என்று சொல்லிவிடுங்கள். விமானத்தில் ஏறிய பிறகு செல்போன் திரையைப் பளிச்சென்று வைக்காதீர்கள். இருட்டுக்குப் பழகக் கண்ணுக்கு அரை மணி நேரம் ஆகும், ஒரு பளிச்சில் அது கெட்டுவிடும்.

அவன் வானத்தைப் பார்த்துவிட்டு இன்றைக்கு வேண்டாம் என்றால், இவ்வளவு தூரம் வந்தோமே என்று முகம் வாட வேண்டாம். கிளம்புவதாக இருந்தாலும் அப்பாவின் பிரஷர் மாத்திரையையும் ஒரு மாற்று உடுப்பையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் மூட்டம் தெரிந்தால் வேறு ஊரில் இறங்கி இரவு தங்கிவிடலாம் என்று அவன் தயங்காமல் முடிவெடுக்க அந்தப் பை உதவும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
எடிசன், நியூ ஜெர்சி