ஃபுளோரன்ஸ் ஸ்டோக்கருக்கு, எரியாமல் தப்பிய படத்தைப் பற்றி

அன்புள்ள ஃபுளோரன்ஸ் அம்மையாருக்கு,

இன்று மே 25. 1937இல் இதே தேதியில்தான் நீங்கள் கண்மூடினீர்கள். நாளை மே 26. 1897இல் அந்தத் தேதியில்தான் உங்கள் கணவர் பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவல் மஞ்சள் அட்டையும் சிவப்பு எழுத்துமாக, ஆறு ஷில்லிங் விலையில் கடைக்கு வந்தது. இன்னும் ஒரு நாள் இருந்திருந்தால் புத்தகத்துக்கு நாற்பது வயது நிறைவதைப் பார்த்திருப்பீர்கள்.

எழுதக் காரணம் வேறு. எங்கள் திரைப்படக் கழகத்தில் இந்த வாரம், அந்த நாவலை அனுமதியில்லாமல் தழுவி முர்னாவ் 1922இல் ஜெர்மனியில் எடுத்த மௌனப் படமான ‘நோஸ்ஃபெராட்டு’ திரையிடுவதென்று முடிவாகிவிட்டது. ஆமாம், ஒரு பிரதிகூட மிஞ்சக் கூடாது என்று நீங்கள் வழக்காடிய அதே படம். அனுமதி கேட்டு எழுதவில்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரியும். சொல்லாமல் செய்ய வேண்டாமே என்றுதான். பெர்லின்காரர்கள் அந்த மரியாதையைக்கூடக் காட்டவில்லை.

படத்தைப் பற்றிப் பெர்லினிலிருந்து பெயரில்லாமல் வந்த தபால், ஒரு கினி கட்டி எழுத்தாளர் சங்கத்தில் சேர்ந்தது, வக்கீல் செலவுக்குச் சங்கம் முகம் சுளித்தது எல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டப்ளினில் உங்களுக்குப் பொற்சிலுவை தந்தவரைப் பற்றியும் எழுத மாட்டேன். உங்கள் கணவரின் இறப்புச் சான்றிதழில் உள்ள ஒரு வரியை வைத்துப் பின்னாளில் பின்னிய கதைகளையும் தொடப்போவதில்லை. இது நாலு பேர் படிக்கிற இடம்.

சட்டம் உங்கள் பக்கம்தான். அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. பிரிட்டனும் ஜெர்மனியும் பதிப்புரிமைக்கான பெர்ன் ஒப்பந்தத்தில் இருந்த நாடுகள். உங்கள் கணவர் இறந்து பத்து வருடம்தான் ஆகியிருந்தது. படத்தைத் தயாரித்த பிராணா நிறுவனம் டிராகுலாவை ஓர்லோக் ஆக்கியது; ஹார்க்கரை ஹுட்டர் என்றும் மினாவை எலன் என்றும் ரென்ஃபீல்டை நாக் என்றும் மாற்றியது; லண்டனைத் தூக்கிவிட்டு விஸ்போர்க் என்று இல்லாத ஊரை வைத்துக் கதையை 1838க்குத் தள்ளியது. இத்தனையும் செய்துவிட்டு, படத்தின் முதல் அட்டையிலேயே பிராம் ஸ்டோக்கரின் நாவலைத் தழுவியது என்று போட்டுக்கொண்டது. திருடிய பண்டத்தோடு கடைக்காரரின் விலாசத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்த மாதிரி.

உங்கள் நிலைமையும் புரிகிறது. லைசியம் நாடக அரங்கை 27 வருடம் நிர்வகித்த மனிதர் விட்டுப்போனது பெரிய சொத்தொன்றும் இல்லை. அவர் எழுதியவற்றில் நின்று விற்றது இந்த ஒன்றுதான். விதவைக்கு வேறு வருமானம் ஏது? 1914இல் ‘டிராகுலாவின் விருந்தாளி’ தொகுப்பை முன்னுரை எழுதி நீங்களே கொண்டுவந்தீர்கள். அதற்காக எத்தனை முறை வேண்டுமானாலும் நன்றி சொல்லலாம்.

ஆனால் அதற்கு முந்தைய வருடம் நாவலுக்கான கையெழுத்துக் குறிப்புகளை சதபீஸ் ஏலத்தில் இரண்டு பவுண்டு சொச்சத்துக்கு விற்றதும் நீங்கள்தானே? கதையின் ரத்தக்காட்டேரிப் பிரபுவுக்கு முதலில் ‘வாம்பிர்’ என்று பெயர் வைத்திருந்தார், கதை ஆஸ்திரியாவின் ஸ்டிரியாவில் தொடங்குவதாக இருந்தது, 1890 கோடையில் இங்கிலாந்தின் கடலோர ஊரான விட்பியில் தங்கியபோதுதான் ‘டிராகுலா’ என்ற பெயர் அவர் கண்ணில் பட்டது, 1885இல் அங்கே கரை தட்டிய ‘டிமிட்ரி’ கப்பல்தான் நாவலில் ‘டிமீட்டர்’ ஆனது என்பதெல்லாம் அந்தத் தாள்களால்தான் உறுதியாகத் தெரிகிறது. இன்று அவை பிலடெல்பியாவில் ரோசன்பாக் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அதில் உங்கள் பங்கு எதுவும் இல்லை. கணவரின் பெயரைக் காக்கவே வழக்குப் போட்டேன் என்று நீங்கள் சொன்னால் இந்த ஏலம்தான் என் நினைவுக்கு வரும்.

சரி, விடுங்கள். நான் சொல்ல வந்தது படத்தின் கடைசிச் சில நிமிடங்களைப் பற்றி.

எலனின் படுக்கையறை. ஓர்லோக் கட்டிலருகே குனிந்து அவள் கழுத்தில் வாய் வைத்திருக்கிறான். இரவு போனது தெரியவில்லை. சேவல் கூவுகிறது. ஓர்லோக்காக நடித்த மாக்ஸ் ஷ்ரெக் தலையை மட்டும் நிமிர்த்துகிறார். உடம்பு அப்படியே இருக்கிறது. பிறகு எழுந்து ஜன்னலைக் கடக்கப் பார்க்கிறார். வெளிச்சம் மேலே விழுகிறது. ஒரு கை நெஞ்சுக்குப் போகிறது. அவ்வளவுதான், ஆள் கரைந்து, தரையிலிருந்து கொஞ்சம் புகை. ஷ்ரெக் நிற்கும் அறையையும் ஆளில்லாத அதே அறையையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கரைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் கேமரா ஒரு நூல் நகர்ந்திருந்தாலும் ஜன்னல் சட்டம் இரட்டையாகத் தெரிந்து குட்டு வெளிப்பட்டுவிடும். ஜன்னல் அசையவே இல்லை. பார்க்கும்போது மனிதன் மறைவதை விட அந்த ஜன்னல் அசையாததுதான் எனக்கு அதிகம் குளிரடிக்க வைக்கிறது.

உங்கள் கணவர் எழுதிய முடிவு இதுவல்ல. நாவலில் பயமே மாலையைப் பற்றியது. நவம்பர் 6, சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதற்குள் பெட்டியைத் திறந்தாக வேண்டும். இறங்கிவிட்டால் பிரபு முழு பலத்தோடு எழுந்துவிடுவான். ஜானதன் ஹார்க்கரின் குக்ரிக் கத்தி கழுத்தை அறுக்கிறது, குவின்சியின் வேட்டைக் கத்தி நெஞ்சில் பாய்கிறது, உடல் தூளாகிறது. பகல் வெளிச்சம் அவனை ஒன்றும் செய்யாது. பட்டப்பகலில் பிக்கடில்லியில் நின்று ஒரு பெண்ணை வெறித்துக்கொண்டிருப்பவனை ஜானதனே பார்க்கிறான். பகலில் அவனால் உருமாற முடியாது, நண்பகலும் உதயமும் அஸ்தமனமும் மட்டும் விதிவிலக்கு, கட்டுப்பாடு அவ்வளவுதான்.

திரைக்கதை எழுதிய ஹென்ரிக் காலீன் துரத்தலை எடுத்துவிட்டார். கத்தி பிடிக்க ஆண்களும் இல்லை. பிரபுவுக்கு இரையாகும் லூசிக்கு நான்கு பேர் மாற்றி மாற்றி ரத்தம் கொடுப்பதும் போயிற்று. (லாண்ட்ஸ்டைனர் ரத்தப் பிரிவுகளைக் கண்டுபிடித்தது நாவலுக்குப் பிறகு என்பதால், கொடுத்தவர்களின் ரத்தமே லூசியைக் கொன்றிருக்கலாம் என்று மருத்துவம் தெரிந்த வாசகர்கள் இன்றும் கிண்டலடிப்பார்கள்.) இவ்வளவும் போனபின் பிரபுவைக் கொல்ல ஒரு வழி வேண்டும். வெயிலை வைத்தார்கள். பணமில்லாத நிறுவனம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம், இது என் ஊகம். மலைப்பாதையில் குதிரைகளையும் வண்டிகளையும் ஓட்டுவதை விட ஒரு ஜன்னல் மலிவு. அந்த ஜன்னலிலிருந்து வந்ததுதான் இன்று உலகத்துக்கே தெரிந்த விதி. 1958இல் ஹாமர் நிறுவனம் எடுத்த டிராகுலா படத்தில் பீட்டர் குஷிங் மேசைமேல் ஓடித் திரைச்சீலையைப் பிய்த்து இழுக்க, கிறிஸ்டோபர் லீ வெளிச்சத்தில் சாம்பலாகிறார். அது உங்கள் புத்தகத்தில் இல்லை, நீங்கள் எரிக்கச் சொன்ன படத்தில் இருக்கிறது. 1992இல் கப்போலா நாவலைப் பின்பற்றி டிராகுலாவைப் பகலில் லண்டன் தெருவில் நடக்கவிட்டபோது, ரத்தக்காட்டேரியால் பகலிலும் நடமாட முடியும் என்று படத்துக்குள்ளேயே விளக்க வேண்டியதாயிற்று.

இதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று தெரியவில்லை. கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நாடகக்காரர் ஹாமில்டன் டீனுக்கு நீங்கள் கொடுத்த அனுமதியை என்ன செய்வது? 1924இல் டார்பியில் அவர் போட்ட நாடகத்தில் திரான்சில்வேனியாவே கிடையாது. வெள்ளை மீசையும் உள்ளங்கையில் முடியும் நாறும் மூச்சுமாக இருந்த கிழவரை, மாலை உடுப்பில் வரவேற்பறைக்கு வரும் கனவானாக்கினார். அந்த நிமிர்ந்த காலர் போட்ட அங்கி இருக்கிறதே, அது அழகுக்காக வந்ததில்லை. பிரபு பார்வையாளர்களுக்கு முதுகு காட்டி நிற்பார், காலர் தலையை மறைக்கும், சுற்றியிருப்பவர்கள் அங்கியைப் பிடித்துக்கொள்வார்கள், நடிகர் தரைக் கதவு வழியே கீழே நழுவிவிடுவார். கையில் வெறும் துணி. காலர் உயரம் குறைந்தால் தலை இறங்குவது தெரிந்துவிடும். இந்த வகைத் தந்திரத்துக்கு மேடைக்காரர்கள் வைத்திருக்கும் பெயரே ரத்தக்காட்டேரிக் கதவு. 1820இல் பிளாஞ்சேயின் நாடகத்துக்காகச் செய்தது, அதுவும் பிற்பாடு உங்கள் கணவர் வேலை பார்த்த அதே லைசியத்தின் பழைய கட்டடத்தில்.

1927இல் லண்டன் லிட்டில் தியேட்டரில் மயங்கி விழுகிறவர்களுக்கென்று நர்ஸ் நிறுத்தினார்கள், அதே வருடம் நியூயார்க்கில் பேலா லுகோசி பிரபுவாக நடித்தார், 1931இல் யுனிவர்சல் படம். அங்கி, காலர், கனவான் எல்லாம் ரசீதோடு நடந்தது. அமெரிக்காவில் பதிப்புரிமைக்கு ஒப்படைக்க வேண்டிய பிரதிகள் சரியாக ஒப்படைக்கப்படாததால் நாவலுக்கு அங்கே பாதுகாப்பே இல்லை; ஆனாலும் யுனிவர்சல்காரர்கள் உரிமையாளர்கள் எல்லாருக்குமாக 40,000 டாலர் கொடுத்தார்கள். அதில் உங்களுக்கு வந்ததை நான் பொறாமையோடு பார்க்கவில்லை. வயதான காலத்தில் அது வந்ததே என்று நிம்மதிதான். ஆனால் பணம் தந்தவன் புத்தகத்தை வெட்டினால் தழுவல், தராதவன் வெட்டினால் நெருப்பா? பிராணாவிடம் பத்துப் பைசா பெயராது என்று தெரிந்த பிறகுதானே எல்லாப் பிரதிகளையும் அழிக்கும் கோரிக்கை முன்னுக்கு வந்தது?

பயணியும் மொழிபெயர்ப்பாளருமான ரிச்சர்ட் பர்ட்டனை உங்கள் கணவருக்குப் பழக்கம். அவருடைய கோரைப்பல்லைப் பற்றி எழுதியே வைத்திருக்கிறார். நம் விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளை 1870இல் ஆங்கிலத்தில் கொண்டுபோனவர். அவர் இறந்ததும் மனைவி இசபெல் அவருடைய கையெழுத்துப் பிரதியை எரித்தார். அது திரும்ப வரவேயில்லை. 1925 ஜூலையில் உங்களுக்கு அழிப்பு உத்தரவு கிடைத்தபோது பிரதிகள் ஏற்கெனவே நாடு தாண்டியிருந்தன. உங்களுக்கு அது தோல்வி. எனக்கு அதில் வருத்தமில்லை என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்வது கடினமாகத்தான் இருக்கிறது.

தப்பிய பிரதிகளை நாம் நடத்திய விதத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், இதில் உங்களை விட எங்கள் தரப்பு மோசம். படம் முதலில் 1,967 மீட்டர். மீட்டருக்கு ஐம்பத்திரண்டரைப் படச்சட்டம். நொடிக்கு 18 என்று ஓட்டினால் சுமார் 95 நிமிடம் வரும். பேசும்பட வேகமான 24இல் ஓட்டினால் 72 நிமிடத்தில் முடிந்துவிடும். ஓடும் நேரம் குறைவது பெரிதில்லை. ஓர்லோக்கின் வண்டியை மட்டும் முர்னாவ் வேண்டுமென்றே வெட்டி வெட்டி விரைவாக ஓடவைத்திருக்கிறார். எல்லாமே வேகமாக ஓடினால் அந்த வண்டியில் ஏதோ தப்பு என்று யாருக்கும் உறைக்காது, சிரிப்பார்கள்.

அடுத்தது நிறம். இரவுக் காட்சிகளையும் பகலில்தான் எடுத்தார்கள். பிரதி எடுத்தபின் பிலிமையே சாயத்தில் தோய்த்து இரவுக்கு நீலம், விளக்கொளிக்கு மஞ்சள், விடியலுக்கு இளஞ்சிவப்பு. பிற்காலத்தில் மலிவாக எடுத்த கறுப்பு வெள்ளை நகல்களில் சாயம் போய்விட்டது. அதில் ஓர்லோக் சவப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நல்ல வெயிலில் ஊருக்குள் நடக்கிறான், கடைசியில் வெயில் பட்டுச் சாகிறான். பார்க்கிறவன் என்ன நினைப்பான்? இயக்குநருக்கு மறதி என்று நினைப்பான். எலனின் அறைக்குள் நீலம் போய் இளஞ்சிவப்பு வருவதுதான் கொலையே. பிரெஞ்சுத் திரைப்படக் காப்பகமான சினிமாதெக்கில் இருந்த சாயமேறிய பிரதியை வைத்துச் செப்பனிட்ட பதிப்பையே நாங்கள் போடுகிறோம். தெருவோரத் தட்டில் கிடைப்பதையும், இணையத்தில் பின்னணியில் ஏதோ ஒரு ஆர்கன் வாசிக்கும் நகலையும் போட மாட்டோம்.

அமெரிக்க நகல்களில் ஓர்லோக்கை மறுபடி டிராகுலா என்றே மாற்றியிருக்கிறார்கள். உங்கள் வக்கீலுக்கு அது போதும், வேறு சாட்சியே வேண்டாம். எங்கள் தமிழ் வரிகளில் ஓர்லோக், ஹுட்டர், எலன் என்றுதான் வரும்.

நீங்கள் படம் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று நான் கற்பனை செய்யப்போவதில்லை. 1928 டிசம்பரில் லண்டன் திரைப்படச் சங்கம் உங்கள் ஊரிலேயே இதைத் திரையிட்டது, உங்கள் எதிர்ப்பை மீறி. அவர்களும் எங்களைப் போன்ற கழகத்தார்தான். அவர்கள் உங்களை நடத்திய விதம் எனக்குப் பிடிக்கவில்லை; அவர்கள் அந்தப் பிரதியை ஒளித்து வைத்திருந்தது பிடித்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து எப்படி வைத்துக்கொள்வது என்று நீங்கள் கேட்டால் பதிலில்லை.

படத்துக்கு முன்னால் எங்கள் பங்குக்கு ஓர் அட்டை சேர்த்திருக்கிறோம்: ‘நாவல்: பிராம் ஸ்டோக்கர். உரிமை: ஃபுளோரன்ஸ் ஸ்டோக்கர். அனுமதி பெறப்படவில்லை.’ நிதானமாக இரண்டு முறை வாசிக்கும் நேரம் திரையில் நிற்கும். நுழைவு இலவசம், ஆகவே உங்கள் பங்கு என்று அனுப்பவும் எதுவுமில்லை.

இப்படிக்கு,
கழகத்தில் புரொஜெக்டர் பார்த்துக்கொள்கிறவன்