அந்த லிங்க் நேராக ரிப்போர்ட்டில் போய் நிற்க வேண்டும்

கோயம்புத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்ளைக்கு,

நீ இரண்டு தடவை கூப்பிட்டும் எடுக்க முடியவில்லை, மன்னித்துக்கொள். அப்பாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்த நாள் அது. இப்போது நன்றாக இருக்கிறார். கொஞ்ச நாளைக்குத் தலைக்கு ஊற்றக் கூடாது என்று டாக்டர் சொன்னதில்தான் வருத்தம். கறுப்புக் கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களை எல்லாம் தூரத்திலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். நேற்று எதிர்க்கடையின் போர்டை எழுத்து விடாமல் படித்துக் காட்டியபோது அம்மா அழுதுவிட்டாள்.

உன் வாய்ஸ் மெசேஜை மூன்று முறை கேட்டேன். பன்னிரண்டு வருஷம் பெங்களூரில் டேட்டாபேஸ் பார்த்தவன், வேலையை விட்டுவிட்டு மதுரைக்குத் திரும்பி, மச்சினன் நடத்தும் மூன்று ரத்தப் பரிசோதனை லேபுகளுக்கு ஆப் செய்துகொண்டிருக்கிறாய் என்று கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஃபோனில் சொன்னால் பாதி மறந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன். உன்னோடு இருக்கும் இரண்டு பையன்களிடமும் இதைப் படிக்கக் கொடு.

நீ கேட்டது ஒரே கேள்வி. "எஸ்எம்எஸ்ல வர்ற லிங்க்கைத் தட்டினா சில ஃபோன்ல ஆப் திறக்குது, சில ஃபோன்ல பிரவுசர் திறக்குது. ஏன்டா?" நீ அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காரணம் அதிலேயே இருக்கிறது. அந்த லிங்க் உன் டொமைனில், அதாவது உன் சொந்த இணைய முகவரியில் இல்லை. தமிழில் அனுப்பும் எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 70 எழுத்துதான் இடம், ஆங்கிலத்துக்கு 160. அதனால் எஸ்எம்எஸ் கம்பெனி உன் நீள முகவரியைச் சுருக்கி, தன் டொமைனில் ஒரு குட்டி லிங்க்காக மாற்றி அனுப்புகிறது. நோயாளி தட்டும்போது ஃபோன் பார்ப்பது அந்தக் குட்டி முகவரியை. அதற்கும் உன் ஆப்புக்கும் எந்தச் சம்பந்தமும் பதிவாகவில்லை, ஆகவே பிரவுசரிடம் கொடுத்துவிடுகிறது. அங்கிருந்து உன் முகவரிக்குத் திருப்பிவிடும்போது சில பிரவுசர் அதை உன் ஆப்பிடம் ஒப்படைக்கும், சில பிரவுசர் பக்கத்தைத் தானே காட்டிவிடும். உன் பையன்கள் கோடில் எந்தத் தப்பும் செய்யவில்லை.

சுருக்குவதென்றால் நீயே சுருக்கு. உன் பெயரிலேயே ஒரு சின்ன டொமைன் வாங்கு, அல்லது இருக்கிற டொமைனில் ஒரு எழுத்தில் சப்டொமைன் வை. அதையே டிஎல்டி பதிவிலும், அதாவது கம்பெனிகள் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸுக்காக டெலிகாம்காரர்கள் வைத்திருக்கும் பதிவேட்டிலும் சேர்க்க வேண்டும். 2024 அக்டோபர் 1-லிருந்து, முன்கூட்டியே பதிவு செய்யாத லிங்க் உள்ள எஸ்எம்எஸ் போகக் கூடாது என்று டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொல்லிவிட்டது. எஸ்எம்எஸ் வாசகத்தின் டெம்ப்ளேட்டோடு டொமைனையும் பதிந்தாயா என்று பார். பதியாவிட்டால், அனுப்பியதாகக் கணக்கில் இருக்கும், நோயாளிக்கு வந்திருக்காது.

நீ இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கக் கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. லிங்க்குக்கும் ஆப்புக்கும் இடையில் அடுத்தவர் டொமைன் இருந்தால், அவர் கடையை மூடும் நாளில் நீ அனுப்பியது எல்லாம் செத்துப்போகும். ஃபயர்பேஸ் டைனமிக் லிங்க்ஸ் நினைவிருக்கிறதா? 2016-இல் கூகுள் கொண்டுவந்தது. ஆப் இருந்தால் ஆப்புக்கும், இல்லாவிட்டால் ஸ்டோருக்கும், இன்ஸ்டால் ஆன பிறகு சரியான பக்கத்துக்கும் ஒரே லிங்க் அழைத்துப் போகும். இலவசம் வேறு. உலகம் முழுக்கப் பயன்படுத்தினார்கள். 2023-இலேயே முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு 2025 ஆகஸ்ட் 25 அன்று நிறுத்தினார்கள். சொல்லிவிட்டுத்தான் செய்தார்கள். ஆனால் பில்லில் அச்சடித்த கியூஆர் கோடுக்கும், யாரோ வாட்ஸ்அப்பில் சேமித்து வைத்த லிங்க்குக்கும் முன்னறிவிப்பு போய்ச் சேராதே. லிங்க் உன் டொமைனில் இருந்திருந்தால், பின்னால் இருக்கும் சேவையை மட்டும் ஓர் இரவில் மாற்றிவிட்டு நீ தூங்கப் போகலாம்.

இனி ஆப்பைத் திறப்பதற்கு வருகிறேன். உன் பையன்கள் லேபின் பெயரிலேயே ஒரு தனி ஸ்கீம் (லிங்க்கின் தொடக்கத்தில் ஹெச்டிடிபிஎஸ்ஸுக்குப் பதில் வரும் பெயர்) வைத்திருக்கிறார்கள் என்றாய். அது பழைய வழி, எழுதவும் சுலபம். ஆனால் அந்தப் பெயர் உன்னுடையது என்பதற்கு எந்தச் சாட்சியும் கிடையாது. வேறொரு ஆப் அதே ஸ்கீமைத் தனதென்று அறிவித்தால் ஃபோன் தடுக்காது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுக்கு அந்த வழி வேண்டாம். சாதாரண வெப் முகவரியே ஆப்பைத் திறக்கும்படி, 2015-இல் ஐஓஎஸ் 9 யுனிவர்சல் லிங்க்ஸையும் ஆண்ட்ராய்டு 6 ஆப் லிங்க்ஸையும் கொண்டுவந்தன. இரண்டிலும் ஏற்பாடு ஒன்றுதான். "இந்த டொமைன் என்னுடையது" என்று ஆப் சொல்ல வேண்டும், "இந்த ஆப் என்னுடையது" என்று டொமைனும் சொல்ல வேண்டும். டொமைன் அதைச் சொல்வது வெல்-நோன் என்ற ஃபோல்டரில் இருக்கும் ஒரு சின்ன ஜேசன் ஃபைல் வழியாக. ஆண்ட்ராய்டுக்கு அசெட்லிங்க்ஸ், ஆப்பிளுக்கு ஆப்பிள்-ஆப்-சைட்-அசோசியேஷன். இரண்டாவதற்குப் பின்னால் டாட் ஜேசன் என்று போடக் கூடாது. ஹெச்டிடிபிஎஸ்ஸில் நேராகக் கிடைக்க வேண்டும். டபிள்யூடபிள்யூடபிள்யூ இல்லாத முகவரியிலிருந்து இருக்கிற முகவரிக்கு உன் சர்வர் திருப்பிவிடுகிறதென்றால் அதுவே போதும் கெடுக்க.

இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். அசெட்லிங்க்ஸில் ஆப்பின் டிஜிட்டல் கையெழுத்தை அடையாளம் காட்டும் நீள எண்ணை, அதாவது எஸ்ஹெச்ஏ-256 கைரேகையைக் கொடுக்க வேண்டும். எங்கள் முதல் ஆப்பில் எங்கள் கம்ப்யூட்டரில் இருந்த, கையெழுத்திடும் கீயின் கைரேகையைக் கொடுத்தேன். டீம் மொத்தமும் சோதித்தது, எல்லோருக்கும் திறந்தது. ஸ்டோருக்குப் போன பிறகு ஒருவருக்கும் திறக்கவில்லை. பிளே ஸ்டோர் வழியாகப் போகும் ஆப்பைக் கூகுள் தன்னிடம் இருக்கும் வேறொரு கீயால் கையெழுத்திட்டு அனுப்புகிறது, நாம் வைத்திருப்பது அப்லோடு கீ மட்டும்தான் என்று எனக்கு உறைக்க இரண்டு இரவு ஆனது. பிளே கன்சோலில் ஆப் சைனிங் பக்கத்தில் அந்தக் கைரேகை இருக்கும். இரண்டையும் ஃபைலில் போடு.

ஆண்ட்ராய்டு 12-க்கு முன்பு சரிபார்ப்பு தவறினால் "எதில் திறக்கட்டும்" என்று ஒரு பட்டியலாவது வரும். 12-லிருந்து ஒன்றும் கேட்காமல் பிரவுசரில் திறந்துவிடும். அதனால்தான் தவறு கண்ணில் படுவதில்லை. ஆப்பிள் பக்கம் வேறு சிக்கல். ஐஓஎஸ் 14-லிருந்து ஃபோன் உன் சர்வரிடம் வந்து ஃபைலைக் கேட்பதில்லை, ஆப்பிள் நகல் வைத்திருக்கும் அதன் சொந்த சர்வர்களில், அதாவது சிடிஎன்னில்தான் கேட்கிறது. நீ காலையில் திருத்தியது அங்கே போக ஒரு நாள் வரை ஆகலாம். ஏற்கெனவே ஆப் வைத்திருக்கும் ஃபோன் வாரத்துக்கு ஒருமுறை அளவில்தான் மறுபடி பார்க்கும். உடனே தெரியவில்லையே என்று பையன்கள் கோடைப் பிய்த்துப் போடாமல் பார்த்துக்கொள். சஃபாரியின் முகவரிப் பட்டையில் அடித்துச் சோதிப்பதிலும் பயனில்லை, அப்படி அடித்தால் ஆப் திறக்காது. நோட்ஸில் லிங்க்கை ஒட்டி அதைத் தட்டிப் பார்க்கச் சொல்.

ஆப் திறந்ததோடு வேலை முடிந்தது என்று நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அம்மாவால். போன வருஷம் அம்மாவுக்குத் தைராய்டு பார்த்தோம். சாயங்காலம் எஸ்எம்எஸ் வந்தது. தட்டினாள். ஆப்பை இறக்கச் சொன்னது, இறக்கினாள். நம்பர் கேட்டது, ஓடிபி கேட்டது, எல்லாம் கொடுத்தாள். கடைசியில் வந்து நின்றது முகப்புப் பக்கத்தில், முழு உடல் பரிசோதனைக்கு இத்தனை சதவீதம் தள்ளுபடி என்று. ரிப்போர்ட் எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. என்னைக் கேட்கத் தயங்கி, மறுநாள் வெயிலில் ஆட்டோ பிடித்துப் போய்க் காகிதத்தில் வாங்கி வந்தாள். "எனக்குத்தான் தெரியலை கண்ணு" என்றாள். அந்தச் சொல் இன்னும் போகவில்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. லாகின் முடிகிற வரை லிங்க்கை நினைவில் வைத்துக்கொள்ள ஆப்புக்குத்தான் தெரியவில்லை.

ஆகவே மூடிக்கிடக்கும் ஆப், பின்னணியில் இருக்கும் ஆப், லாகின் ஆகாத ஆப், இன்னும் இன்ஸ்டாலே ஆகாத ஆப், நான்கிலும் தனித்தனியாகச் சோதி. லிங்க் வந்ததும் எங்கே போக வேண்டும் என்பதை முதலில் ஓரிடத்தில் எழுதி வை, லாகின் முடிந்ததும் அங்கே கொண்டுபோய் நிறுத்து. ஆண்ட்ராய்டில் இன்ஸ்டாலுக்குப் பிறகும் எந்த லிங்க்கில் வந்தார் என்று அறிய பிளே இன்ஸ்டால் ரெஃபரர் இருக்கிறது. ஆப்பிளில் அதற்கு நிகராக நேர்வழி இல்லை. அதனால் ஆப் இல்லாதவருக்கு ரிப்போர்ட் பிரவுசரிலேயே திறக்கட்டும், ஆப்பை இறக்கு என்று வழிமறிக்காதே. உன் மச்சினனிடமும் இதைச் சொல், அவருக்கு ஆப் டவுன்லோடு எண்ணிக்கை மேல் ஆசை இருக்கும்.

உன் லிங்க்கின் கடைசியில் ஒரு எண் இருந்தது. அது ரிப்போர்ட்டின் வரிசை எண் என்றால் இன்றைக்கே மாற்று. ஒருவர் அதில் ஒன்றைக் கூட்டிப் போட்டால் அடுத்தவரின் சர்க்கரை அளவோ, எச்ஐவி முடிவோ வந்து நிற்கக் கூடாது. அந்த எண்ணுக்குப் பதில் யூகிக்க முடியாத நீளமான எழுத்துக்கோவை ஒன்றை டோக்கனாக வை, சில நாளில் காலாவதியாகட்டும், திறக்கும்போது ஓடிபியால் இன்னார்தான் என்று உறுதி செய். சர்வர் ஒவ்வொரு முறையும் உரிமையைச் சரிபார்க்கட்டும். லிங்க் எங்கிருந்து வேண்டுமானாலும் வரும், யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம்.

பணம் வாங்க யூபிஐ லிங்க் போதும் என்றாய். சரிதான். யூபிஐ பே என்று தொடங்கும் அந்த லிங்க்கில் பெறுபவர் ஐடி, பெயர், தொகை, ரெஃபரன்ஸ் எண் இவ்வளவும் அடங்கிவிடும். ஆண்ட்ராய்டில் எந்த யூபிஐ ஆப் என்று பட்டியல் காட்டும். ஐஃபோனில் பட்டியல் வராது, பல ஆப்கள் அதே ஸ்கீமைச் சொந்தம் கொண்டாடுவதால் எது திறக்கும் என்பது நம் கையில் இல்லை. ஒவ்வொரு ஆப்புக்கும் அதன் சொந்த ஸ்கீமில் தனி பட்டன் வை. எதெல்லாம் ஃபோனில் இருக்கிறது என்று கேட்க அவற்றின் பெயர்களை முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 11-லிருந்து அங்கேயும் அப்படித்தான், ஆப்பின் மேனிஃபெஸ்ட் ஃபைலில் க்வெரீஸ் பகுதியில் சேர்க்கச் சொல்.

இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. பணம் போய்விட்டது என்று யூபிஐ ஆப் திருப்பிச் சொல்வதை நம்பி ரிப்போர்ட்டைத் திறக்காதே. அந்தப் பதிலைப் போலியாக உருவாக்க முடியும். நெட் போய், பணம் கழிந்தும் பதிலே வராமலும் போகலாம். பணத்தை வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே உன் சர்வருக்கு நேராக அனுப்பும் தகவல், அதாவது வெப்ஹூக்தான் கணக்கு. அதன் கையெழுத்தைச் சரிபார், அதே வெப்ஹூக் இரண்டு முறை வரும் என்று எதிர்பார்த்தே எழுது. வராவிட்டால் நீயே கேட்வேயிடம் கேள். பணம் கட்டியவர் லேப் கவுன்ட்டரில் ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டி வாதாடும் நிலைமை வரக் கூடாது.

லேபுக்கு வழி காட்ட ஆப்புக்குள் மேப் எஸ்டிகே (அடுத்தவர் எழுதிய தயார் கோடு) எல்லாம் வேண்டாம். ஒரு மேப் லிங்க் போதும், ஃபோனில் இருக்கும் மேப் திறந்துகொள்ளும்.

மற்ற எஸ்டிகேக்கள் பற்றி மட்டும் கண்டிப்பாக இரு. 2020 மே 6 அன்று ஃபேஸ்புக் தன் சர்வரில் செய்த ஒரு மாற்றத்தால், அதன் எஸ்டிகே உள்ளே இருந்த ஸ்பாட்டிஃபை, பின்ட்ரெஸ்ட், டிண்டர் போன்ற ஐஃபோன் ஆப்கள் திறந்ததும் விழுந்தன. அந்தக் கம்பெனிகள் அன்று ஒரு வரி கோடும் மாற்றவில்லை. ஜூலை 10-இல் மறுபடியும் அதே கதை. வெளியிலிருந்து வரும் எதுவும் ஆப் தொடங்கும் நொடியில் ஓடக் கூடாது. ஒவ்வொன்றையும் நீங்களே எழுதிய ஒரு சின்ன உறைக்குள் வைத்துக் கூப்பிடுங்கள், சர்வரிலிருந்தே அதை அணைக்க ஒரு ஸ்விட்ச் வையுங்கள்.

விளம்பர எஸ்டிகே வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் மருந்துத் தள்ளுபடிக்குப் பெயர்போன குட்ஆர்எக்ஸ், பயனர்களின் உடல்நலத் தகவலை ஃபேஸ்புக், கூகுள் முதலிய இடங்களுக்குப் போகவிட்டது என்று 2023 பிப்ரவரியில் அந்நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் பிடித்தது. 15 லட்சம் டாலர் அபராதம். நம் நாட்டிலும் 2023-இல் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருக்கட்டும், டெஸ்ட்டின் பெயரைத் தாங்கிய லிங்க் ஒன்று, பயன்பாட்டைக் கணக்கெடுக்கும் அனலிட்டிக்ஸ் சேவைக்குப் போனாலே, யார் எதற்குப் பரிசோதித்தார் என்பது வெளியே போய்விட்டது. பக்கத்தின் பெயரை மட்டும் அனுப்பு, முழு லிங்க்கை அனுப்பாதே.

சனிக்கிழமை காலை எனக்கு வேலை இல்லை. இரண்டு ஜேசன் ஃபைலையும் அனுப்பி வை, என்னிடம் ஒரு ஐஃபோனும் ஆண்ட்ராய்டு 10 ஓடும் பழைய ஃபோனும் இருக்கின்றன, இரண்டிலும் பார்த்துச் சொல்கிறேன். தங்கச்சியையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல்.

அப்பாவுக்கு அடுத்த மாதம் இடது கண். அதற்கு முன்னால் சர்க்கரை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் அத்தை வீட்டு விசேஷத்துக்கு மதுரை வருகிறோம், உன் மச்சினன் லேபிலேயே ரத்தம் கொடுக்கிறோம். எஸ்எம்எஸ் அம்மாவின் ஃபோனுக்கு வரட்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், ஒன்றும் சொல்லித்தர மாட்டேன்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் ரூம்மேட்