ஸ்பைடரை எழுதியவர் பெயர்

அன்புள்ள கண்ணு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்குக் கூட்டம் தாங்கவில்லை. நீ வருவாய் என்று அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை இருந்திருக்கும், சரி. போனிலாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெரியம்மா வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள். அதை விடு. எதிலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே.

பண்டிகைக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது சித்தப்பாவின் பழைய லயன் காமிக்ஸ் கட்டு கிடைத்தது. அதில் ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் இல்லை, அவன் வேறு) புத்தகத்தின் கிழிந்த அட்டையை நீ பசை தடவி ஒட்டியது அப்படியே இருக்கிறது. மற்ற பிள்ளைகள் இரும்புக்கை மாயாவி பெரியவனா, ஸ்பைடர் பெரியவனா என்று சண்டை போடும். நீ மட்டும் "இதை எழுதினது யாருப்பா?" என்பாய். ஏற்காடு போனால் இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் அதே பேச்சுதான்.

2015-ல் பேட்மேனை உருவாக்கியவர் என்று இனிமேல் பில் ஃபிங்கர் பெயரையும் சேர்த்துப் போடப் போகிறார்கள் என்று போன் செய்து அழுதாயே, ஞாபகம் இருக்கிறதா? அவர் 1974-லேயே போய்விட்டாராம். எங்கோ அமெரிக்காவில் கதை எழுதிய ஒருவருக்காக என் மகள் அழுகிறாள் என்று தறிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். அப்படிப்பட்ட மனசுக்காரி ஐந்து வாரமாக எங்களிடம் பேசவில்லை.

சித்தப்பா செல்லில் தேடிச் சொன்னான். ஸ்பைடர் கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர்! ஸ்பைடர் முதலில் வந்த இங்கிலாந்துப் பத்திரிகைகளில் அப்போது எழுதுகிறவர் பெயர் போடும் வழக்கமே இல்லையாம். 1938-ல் அவரும் படம் வரைந்த ஷூஸ்டரும் 130 டாலருக்குச் சூப்பர்மேன் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இருபத்து மூன்று வயசுப் பையன்கள். அதற்கப்புறம் எத்தனை வருஷம் அல்லாடினார்கள். அதனால்தான் கையெழுத்து விஷயம் சொல்கிறேன். அவசரப்பட்டு எதையும் எழுதிக் கொடுத்துவிடாதே. எழுதிக் கொடுத்திருந்தாலும் பரவாயில்லை, எங்களிடம் சொல்.

இதெல்லாம் உனக்கு எப்போதோ தெரிந்திருக்கும். ஆனாலும் நான் சொல்லியாக வேண்டும். பத்தாம் வகுப்பில் சிவகாசிக்கு, லயன் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதி, தபால் பெட்டியில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தாய். நான் போடவில்லை. பரீட்சை நேரத்தில் இது எதற்கு என்று கணக்கு நோட்டுக்குள் செருகிவிட்டேன். நீ புதுப் புத்தகம் வரும்போதெல்லாம் வாசகர் கடிதப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவாய். "நான் எழுதினது நல்லா இல்லை போலப்பா" என்று ஒருநாள் சொன்னாய். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு நீ யாருக்கும் கடிதம் எழுதி நான் பார்க்கவில்லை. என்னிடமும் நீ எதுவும் சொல்லக் காணோம்.

அந்தக் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் பிரிக்கவில்லை. என்ன கேட்டாய் என்பது மட்டும் தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு. இப்போதெல்லாம் ராத்திரி பதினோரு மணி வரை விழித்துத்தான் இருக்கிறேன். எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா
அம்மாப்பேட்டை, சேலம்